மலிவு பிளானில் ஒரு திருட்டு

அத்தியாயம் 3

"போட்டுரு அம்மிணி. கையெழுத்த மட்டும் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிரு" என்று பேனாவை நீட்டினார் கிட்டுசாமி.

சித்ராதேவி பேனாவை வாங்கினாள். மேஜையில் கிடந்த அதன் மூடியைத் தேடி எடுத்து மாட்டினாள். பிறகு அவர் பக்கமாகவே தள்ளி வைத்தாள்.

"நான் திருடல சார். திருடாதவ எதுக்கு ராஜினாமா பண்ணணும்? வேணும்னா நீங்க என்னைத் தூக்குங்க. நானாப் போக மாட்டேன்."

எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துவிட்டது. துப்பறியும் வேலையில் இருப்பவர்கள் யாரையும் சட்டென்று பிடித்துப்போகக் கூடாது என்பார் எங்கள் அழகுமலை சார். அவர் சொல்வதில் பாதியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன்" என்றார் கிட்டுசாமி. "அதுக்குள்ள போடலீன்னா உன்ற போட்டோவோட குரூப்புல போட்டுருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

குரூப் என்றால் பனியன் முதலாளிகள் மட்டும் இருக்கும் வாட்ஸப் குழு. அதில் ஒரு பெண்ணின் படம் 'நம்பிக்கைத் துரோகி' என்று வந்துவிட்டால், அவினாசியிலிருந்து பல்லடம் வரை எந்த கம்பெனி ஆபீசிலும் அவளுக்கு நாற்காலி கிடையாது. சங்கரன்கோவிலிலிருந்து வந்து, செக்கிங் டேபிளில் தொடங்கி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆகியிருக்கும் சித்ரா ஒரே மெசேஜில் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

முதலிபாளையம் சிட்கோவில் இருக்கும் வெண்பருத்தி நிட்ஸில் நடந்தது இதுதான். குழந்தைகள் டீ-ஷர்ட்டுக்கு ஒரு பெரிய வெளிநாட்டு ஆர்டர். சனிக்கிழமை மாலை சித்ராவும் கிட்டுசாமியும் உட்கார்ந்து விலை போட்டு முடித்தார்கள். திங்கட்கிழமை காலை அதை வெளிநாட்டுக்காரரின் ஏஜென்டுக்கு அனுப்பப் போனால், சாமளாபுரத்தில் புதிதாகத் தொடங்கிய 'பூங்குழலி ஃபேஷன்ஸ்' என்ற கம்பெனி முந்திக்கொண்டு விலை கொடுத்துவிட்டிருந்தது. ஒவ்வொரு டிசைனுக்கும் இவர்கள் விலையைவிட ஒரு மயிரிழை குறைவு. பார்த்து எழுதாமல் அப்படி வராது. அந்த விலை தெரிந்தவர்கள் முதலாளியும் சித்ராவும் மட்டும்தான். பெற்ற மகன் கதிர்வேலுக்கே கிட்டுசாமி விலையைக் காட்டுவதில்லை. அவன் தையல் பகுதியைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அவருடைய சட்டம்.

"ஆபீஸ் சாஃப்ட்வேர் பழைய பிளான்லயே இருந்திருந்தா இந்நேரம் திருடி மாட்டிருப்பாளுங்க" என்றான் கதிர்வேல். சுவரோரம் கை கட்டி நின்றிருந்தான். "அதுல ஆளுக்கு ஒரு லாகின். யாரு எப்பத் தொறந்தாங்கன்னு புட்டுப் புட்டு வெக்கும். இவதான் மலிவு பிளானுக்கு மாத்துனா. மொத்த ஆபீசுக்கும் ஒரே லாகின். யாரு உள்ள வந்தாங்கன்னு அதுக்கே தெரியாது. அதுக்காகத்தானுங்க மாத்தியிருக்கா."

"மாத்தச் சொன்னது யாருங்க?" என்று கேட்டார் அழகுமலை.

கிட்டுசாமி இருமினார். ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் இவ்வளவு தண்டம் அழுவதா என்று மூன்று மாதம் புலம்பியவர் அவர்தானாம். மலிவு பிளான் வந்ததும் சங்கக் கூட்டத்தில் பெருமையடித்ததும் அவர்தானாம். துப்பறிய எங்களைக் கூப்பிட்டதுகூட, கோயம்புத்தூர் ஏஜென்சி கேட்ட கட்டணத்தைக் கேட்டு மயக்கம் வந்த பிறகுதான்.

"அப்ப நாங்களும் மலிவு பிளான்தான் சார்" என்றேன் நான். "ஆனா நாங்க ரெண்டு பேரு வருவோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சித்ராவின் உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

* * *

எஸ்டேட் முனையில் இருக்கும் பேக்கரிக்கு அவளை அழைத்துப் போனோம். அழகுமலை தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரே லாகின்னா ஆறு பேரு எப்படிம்மா வேலை பாக்குறீங்க?"

"அதான் சார் கொடுமை. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள இருக்க முடியும். இன்னொரு ஆளு நுழைஞ்சா மொத ஆள வெளிய தள்ளிரும். ஆரம்பத்துல ஒருத்தர ஒருத்தர் தள்ளிவிட்டு ஒரே சண்ட. அப்புறம் ஒரு செவப்பு நூல் கோன் வச்சோம். கோன் யாரு மேஜைல இருக்கோ அவங்கதான் உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். வேலை முடிஞ்சா அடுத்த ஆளுக்குக் குடுக்கணும்."

"கம்ப்யூட்டருக்கு நூல் கோன் காவலா?" என்றேன்.

"நல்லாத்தான் நடக்குது, கேட்டியளா? சனிக்கிழமை கோன் என் மேஜைலதான் இருந்துச்சு. நான் சாஃப்ட்வேர்லருந்து வெளிய வராம அப்படியே விட்டுட்டுப் போனேன். அது தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா மறுபடி உள்ள போகணும்னா ஓ.டி.பி. வேணும்லா. அது செல்லாத்தாள் அம்மா போனுக்குத்தான் போகும்."

அழகுமலை பன்னைக் கீழே வைத்தார். "அது யாரு?"

"முதலாளி வீட்டம்மா. கம்பெனி லைசென்ஸ் எல்லாம் அவங்க பேர்லதான. சாஃப்ட்வேர்காரன் ஓனர் நம்பர் கேட்டான், சர்டிபிகேட்ல இருந்த நம்பரக் குடுத்துட்டேன். இப்ப யாரு உள்ள போகணும்னாலும் அவங்களுக்குப் போன் பண்ணி, 'அம்மா, நம்பர் வந்துருக்கும், சொல்லுங்க'ன்னு கேக்கணும். அவங்களும் அடுப்படிலருந்து கையத் தொடச்சிட்டு வந்து சொல்லுவாங்க."

"சனிக்கிழமை வெளிய வராமப் போனே. திங்கட்கிழமை வந்து பாத்தப்ப?"

"வெளிய தள்ளியிருந்துச்சு. அம்மாவுக்குப் போன் போட்டு நம்பர் வாங்கித்தான் உள்ள போனேன். அதச் சொன்னேன் சார். நெட் கட்டாயிருக்கும், கதை விடாதேன்னு சின்னவர் சொல்லிட்டாரு."

சின்னவர் என்றால் கதிர்வேல். அழகுமலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். மனிதர் பில்லுக்குப் பணம் கொடுக்க மறந்துவிடும் பார்வை அது.

"ஆஷா, புரியுதா?"

"இன்னொரு ஆளு உள்ள போகாம இவள வெளிய தள்ளாது."

"அதேதான். இவ அந்த விலையத் திருடணும்னா தன் கம்ப்யூட்டர்லயே எடுத்துக்கலாம். வெளிய போக வேண்டிய அவசியமே இல்ல. ஞாயித்துக்கிழமை வேற யாரோ வேற இடத்திலருந்து நுழைஞ்சிருக்காங்க. பெரிய பிளானா இருந்தா ஆறு பேரையும் தாராளமா உள்ள வெச்சிருக்கும். இது கஞ்சப் பிளான். ஒருத்தர உள்ள விட இன்னொருத்தரத் துரத்திருச்சு. அதுவே சாட்சி சொல்லிருச்சு."

சித்ராவின் கண் கலங்கியது. அவள் அதை துப்பட்டாவால் துடைக்காமல் முறைத்தே அடக்கினாள். அவள் சொன்னதை இரண்டு நாளாக யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

பில்லுக்கு நான்தான் பணம் கொடுத்தேன்.

* * *

கிட்டுசாமியின் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. செல்லாத்தாள் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் வந்த விஷயத்தையே கேட்டார். ஓ.டி.பி. என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமாங்க தம்பி, நான்தானுங்க சொல்லறேன். ஆபீசுல அந்த முனீஸ் பையன் இருக்கறானே, அவனுக்கு எப்பவும் அவசரம். நான் பாதி சொல்லறக்குள்ள வெச்சுப் போடுவான். சித்ரா புள்ள அப்படியில்லீங்க. சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டுட்டுத்தான் நம்பர் கேக்கும்."

"திங்கட்கிழமை காலைல கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க. கொரலே சரியில்ல அன்னைக்கு."

"அதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை யாராச்சும் போன் பண்ணி நம்பர் கேட்டாங்களாம்மா?"

செல்லாத்தாள் யோசித்தார். "இல்லீங்க தம்பி. ஞாயித்துக்கெழம ஒரு போனும் வரலீங்க. லீவு நாளாச்சுங்களே."

என் கையில் இருந்த மோர் கசந்துபோனது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அழகுமலை எங்கள் பழைய மாருதியைத் தோப்பைத் தாண்டி ஓட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"அந்தம்மா பொய் சொல்ற மாதிரித் தெரியல சார். ஆனா ஒரு நாள் பூரா போனே வரலைங்கறதுதான் ஆச்சரியம். எங்க அம்மா ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, மாடில இருக்க எனக்கு சோறு தின்ன வான்னு போன் பண்ணுவா."

வண்டி கிறீச்சிட்டு நின்றது. பின்னால் வந்த டெம்போக்காரர் எங்கள் பரம்பரையைத் திட்டிவிட்டுப் போனார்.

"எல்லா வீட்டுலயும் அப்படி இல்ல ஆஷா. நான் ஒரு முட்டாள். போன் பண்ணிக் கேட்டாங்களான்னு கேட்டேன். அந்தம்மா அதுக்குப் பதில் சொன்னாங்க."

"அப்போ?"

"வீட்டுக்குள்ளயே இருக்கறவனுக்குப் போன் எதுக்கு?"

திரும்பிப் போனோம். செல்லாத்தாள் மோர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அழகுமலை இந்த முறை கேள்வியை நேராகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை அந்த நம்பர யாருக்காச்சும் சொன்னீங்களாம்மா?"

"சொன்னனுங்களே. கதிரு கேட்டான். லேப்டாப்ப மடில வெச்சிட்டு, 'அம்மா, நம்பர் வந்துச்சா, சொல்லு'ன்னான். கறிக்கொழம்புல உப்புப் பாத்துட்டே சொன்னனுங்க. ஏன் தம்பி?"

அழகுமலை ஏன் என்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. சித்ராவைப் பற்றியும், கையெழுத்தைப் பற்றியும், குரூப்பில் போடப்போகும் படத்தைப் பற்றியும் சொன்னார். கடைசியில் சாமளாபுரம் கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

"பூங்குழலியா?" செல்லாத்தாளின் கை நின்றது. "அது என்ற மருமகளோட அண்ணன் பொண்டாட்டி பேருங்க. தறி ஓட்டீட்டு இருந்தவங்க, இப்பப் பனியன் கம்பெனி வெக்கறாங்கன்னு மருமகதான் சொன்னா."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதாம்மா?"

"அவருக்கு அந்தப் புள்ள பேரு எங்கீங்க தெரியும்? கல்யாணத்துக்கு வந்து, தட்டு தூக்கி, பந்தில பரிமாறிட்டுப் போச்சு. 'அந்தப் புள்ள'ம்பாரு, அவ்வளவுதான்."

எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. கதிர்வேல் கெட்டிக்காரன்தான். ஆபீசில் ஒருவர் கண்ணிலும் படாமல், ஆள் இல்லாத நாளாகப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து காரியத்தை முடித்திருக்கிறான். அம்மாவிடம் நம்பர் கேட்டதை மட்டும் அவன் மறைக்கக்கூட இல்லை. அவன் கணக்கில் அம்மா ஒரு ஆளே இல்லை. சொந்த அம்மா சாட்சியாக முடியும் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

"நீங்க முன்னால போங்க தம்பி" என்றார் செல்லாத்தாள். அவர் குரலில் அழுகை இல்லை. "நான் சேலய மாத்தீட்டு வர்றேன்."

வழியில் அழகுமலை ஏஜென்டுக்குப் போன் செய்து, சாமளாபுரத்தார் கொடுத்தது களவாடிய விலை என்றார். அந்த ஆள் அரைமனதாக, இன்று மாலைக்குள் வெண்பருத்தியிலிருந்து புது விலை வந்தால் பார்ப்பதாகவும், வராவிட்டால் சாமளாபுரத்துக்கே கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார்.

* * *

ஆபீசுக்குள் நுழைந்தபோது கதிர்வேல் சிரித்த முகமாக இருந்தான்.

"உங்களுக்கு வேலை மிச்சம் சார். குரூப்புல போட்டாச்சு. சாயங்காலம் வரைக்கும் எதுக்குன்னு நான்தான் அப்பாவ இப்பவே போடச் சொன்னேன்."

சித்ரா தன் மேஜையருகே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் அங்கேயேதான் நின்றாள். ஆபீஸில் மற்றவர்கள் தலை நிமிராமல் வேலை செய்வதுபோல் பாவனை செய்தார்கள்.

அழகுமலை எல்லோர் முன்னிலையிலும் விஷயத்தைச் சொன்னார். வெளியே தள்ளிய லாகின், ஞாயிற்றுக்கிழமை நம்பர், பூங்குழலி யார் என்பது, ஏஜென்ட் வைத்த கெடு, எல்லாவற்றையும். கிட்டுசாமி மகனைப் பார்த்தார். மகன் முதலில் மறுத்தான். பிறகு அம்மாவின் பெயர் வந்ததும் வெடித்தான்.

"ஆமா, எடுத்தேன்! மச்சான் கம்பெனில எனக்கும் பங்கிருக்குது. முப்பத்தஞ்சு வயசாச்சு எனக்கு. இன்னும் நூல் வெல என்னன்னு கேட்டாக்கூட உனக்கெதுக்குன்னு சொல்லறீங்க. வேலைக்கு வந்த பொம்பளைக்குத் தெரியற வெல, பெத்த பையனுக்குத் தெரியக் கூடாதா? எத்தன வருசம் உங்களுக்குப் பை தூக்கீட்டு நிக்கறது?"

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு சித்ராவின் தலையா கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

கிட்டுசாமி நாற்காலியில் சாய்ந்தார். நான் அவர் மகனை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அழகுமலையின் முன்னால் வைத்தார்.

"நல்லாக் கண்டுபுடிச்சீங்க. இது உங்க பீஸு. ஆனா ரிப்போர்ட்ல சித்ரா புள்ள பேரையே போட்டுருங்க. பையன் பேரு வெளிய போச்சுன்னா குடும்ப மானம் என்னங்க ஆகறது? அந்தப் புள்ளைக்கு நான் தனியா ஏதாவது பண்ணிடறேன்."

"மன்னிக்கணும்ங்க" என்றார் அழகுமலை. "மலிவுதான். ஆனா அவ்வளவு மலிவு இல்ல."

"ஆர்டருக்கு வேற வெல போடலாம்னு ஏஜென்ட் சொல்லீட்டாரு" என்றார் கிட்டுசாமி. " பேசி நேரத்த ஓட்டாதீங்க. அம்மிணி, வந்து வெலயப் போடு."

சித்ரா அசையவில்லை. "நான் இப்ப வேலைல இருக்கேனா, துரோகியான்னு எனக்கே தெரியல சார். தெரிஞ்ச பெறகு போடுதேன்."

"வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்று கிட்டுசாமி தன் லேப்டாப்பைத் திறந்தார். அவரிடம் அது ஓ.டி.பி. கேட்டது. மனைவிக்குப் போன் போட்டார்.

போன் மணி வாசலில் கேட்டது.

செல்லாத்தாள் உள்ளே வந்தார். தேங்காய் ஏற்றும் டெம்போவில் வந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் ஆயுத பூஜைக்குத் தவிர அவர் இந்த ஆபீசுக்கு வந்ததில்லை என்று பிறகு சித்ரா சொன்னாள். கையில் போன் மினுமினுத்தது.

"நல்ல நேரத்துல வந்தே" என்றார் கிட்டுசாமி. "நம்பரச் சொல்லு."

செல்லாத்தாள் போனைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"எதுக்குங்க?"

கிட்டுசாமிக்குப் புரியவில்லை. வாழ்நாளில் அவர் கேட்டு மனைவி 'எதுக்கு' என்று திருப்பிக் கேட்டதே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"எதுக்கா? ஆர்டர் போகுது. சொல்லுன்னா சொல்லு."

"சொல்ல மாட்டனுங்க."

"ஏய், வெளயாடாத. ஊட்டுக்குப் போ. இது கம்பெனி விவகாரம்."

"கம்பெனி யாரு பேர்லீங்க?"

"அது வரிக்காகப் போட்டது. சும்மா பேருக்கு."

"இருக்கட்டுங்க. பேங்குல கடன் வாங்குனப்ப நான் போட்ட கையெழுத்து சும்மாவுங்களா? கட்டலீன்னா என்ற ஊட்டு வாசல்லதானுங்க வந்து நிப்பாங்க? அதுக்கு நான் ஓனரு. அந்தப் புள்ள தலைல பழியத் தூக்கி வெக்கறப்ப மட்டும் நான் ஊட்டுக்குப் போகோணுமா?" அவர் மகன் பக்கம் திரும்பினார். "தனியாப் போகோணும்னா உங்கப்பன்கிட்ட நேராச் சொல்லீட்டுப் போயிருக்கலாம் கண்ணு. உன்னையப் போகாதேன்னு நான் சொல்லியிருக்க மாட்டேன். அம்மா வாயிலருந்தே நம்பர வாங்கி, இன்னொரு ஊட்டுப் புள்ளைய நடுத்தெருவுல நிறுத்தீட்டயே. நாளையிலருந்து இங்க வராத. சாமளாபுரத்துக்கே போ."

கதிர்வேல் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

"செல்லா, அந்த நம்பர் கொஞ்ச நேரத்துல செத்துப் போயிரும்" என்றார் கிட்டுசாமி. குரல் இறங்கிவிட்டது.

"போனா இன்னொண்ணு வருமுங்க. இந்தப் புள்ளைக்கு மானம் போனா எங்க இருந்துங்க வரும்?" செல்லாத்தாள் சித்ராவின் மேஜைக்கு முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதே குரூப்புல, அதே போட்டோவுக்குக் கீழ, தப்பு என்ற மகன் மேலன்னு எழுதுங்க. அப்புறம் சொல்லறேன்."

"பையன் பேரையா? ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும்."

முனீஸ் எழுந்தே நின்றுவிட்டான். மேஜைமேல் இருந்த கிட்டுசாமியின் போன் ஏஜென்டின் அழைப்பில் அடித்து, அடித்து, ஓய்ந்தது. கிட்டுசாமி கண்ணாடியை மாட்டி, போனை எடுத்து, ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார்.

"சத்தமாப் படிச்சுட்டே எழுதுங்க" என்றார் செல்லாத்தாள். "இங்க எல்லாத்துக்கும் கேக்கோணும்."

கிட்டுசாமி படித்துக்கொண்டே எழுதினார்.